சிவப்பு ரோலும் இடது கண்ணும்

என் மச்சினிச்சிக்கு எங்க தையல் யூனிட்ல பேரு கத்திரி. பெத்தவங்க வெச்ச பேரு சம்பளச் சீட்டுல மட்டும்தான் இருக்கு. இருவத்திரண்டு வருஷமா கட்டிங் டேபிள் அவளோடது. அறுவது அடுக்கு துணிய விரிச்சு, மேல அளவு வரைஞ்ச பேப்பர் வெச்சு, மெஷினைப் பிடிச்சான்னா மேல் அடுக்கும் அடி அடுக்கும் ஒரு நூல் பிசகாது. எனக்கு அங்க இஸ்திரி வேலை வாங்கிக் குடுத்ததும் அவதான். அத இன்னைக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுவா. "அத்தான், உங்களுக்கு நான் சிபாரிசு பண்ண பாவத்துக்குத்தான் எனக்கு இந்த வியாதி"ம்பா. மச்சினிச்சிக்கு அந்த உரிமை இல்லாம யாருக்கு இருக்கு?

அவளுக்கு இன்னொரு வித்தை உண்டு. ஒரே சாயத்தொட்டில நனைஞ்ச துணி எல்லாம் ஒரே நிறம்னு நாம நெனப்போம். இல்ல. ரோலுக்கு ரோல் அண்ணன் தம்பி மாதிரி சாடை இருக்கும், ஆனா ரெட்டைப் பிள்ளை கெடையாது. ஒரு ரோல்ல உடம்பும் வேற ரோல்ல கையும் வெட்டித் தெச்சா, கோட்டு இரவல் வாங்கின மாதிரி இருக்கும். அதனால ரோல் வந்து எறங்கினதும் கத்திரி வாசல் வெளிச்சத்துல நிப்பா. வலது கண்ண மூடிக்கிட்டு இடது கண்ணால மட்டும் பாப்பா. "இது ஒண்ணு, இது ரெண்டு"ன்னு சாக்பீஸ்ல நம்பர் போடுவா. ஒரே நம்பர் ரோலத்தான் ஒண்ணா விரிச்சு வெட்டணும். முதலாளி அதுக்கப்புறம் வாயத் தொறக்கமாட்டாரு.

வியாதி வந்தது எட்டு வருஷத்துக்கு முன்னாடி. ரோட்டுல நடக்கும்போது ஒரு கால் செருப்பு கழண்டு விழுந்திருக்கு, அது தெரியாமலே பத்தடி போயிருக்கா. புருஷன்கூட சண்டை போட்டுட்டு கோவத்துல போறான்னு மொத ஆளா பரப்பினவன் நான். அப்புறம்தான் கால் மரமரப்பு, ஸ்கேன், ஆஸ்பத்திரி. எம்.எஸ்.னு சொன்னாங்க. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். எனக்கு இஸ்திரிப் பெட்டி பாஷைல சொன்னாத்தான் புரியும். வயருக்கு மேல சுத்தியிருக்கிற துணி அங்கங்க பிஞ்சா கரண்டு எப்படி விட்டு விட்டு வரும்? நரம்பு அப்படி ஆயிடுது. எப்ப எங்க பிய்யும்னு யாராலயும் சொல்ல முடியாது. அப்படிப் புதுசா ஒரு எடத்துல பிஞ்சா அதுக்கு அட்டாக்னு பேரு.

அப்ப பார்த்த ஒரு டாக்டரு, "ரெஸ்ட் எடுங்கம்மா"ன்னாரு. அந்த ஒத்த வார்த்தைய என் சகலை சட்டமாக்கிட்டான். பள்ளிக்கூட வேன் ஓட்றவன். பொண்டாட்டி மேல உசுரு. ஆனா அவன் பாசம் சீட் பெல்ட் மாதிரி, ஆளக் கட்டிப் போட்டுடும். "மாடிப்படி ஏறாத, கடைக்குப் போகாத, உக்காரு, உக்காரு." வாசல்லேருந்து யூனிட் வாசலுக்கு வேன். யூனிட்டுல முதலாளி வேற இரக்கப்பட்டு ஒசரமா ஒரு நாற்காலி போட்டுக் குடுத்துட்டாரு. எட்டு வருஷம் உக்காந்தா என்ன ஆகும்? இடுப்பு நூத்தியோரு சென்டிமீட்டர். பிரஷர் மாத்திரை ஒண்ணு. கொழுப்பு மாத்திரை ஒண்ணு. சர்க்கரை வாசப்படி வரைக்கும் வந்து, உள்ள வரலாமான்னு கேட்டுக்கிட்டு நிக்குது.

இப்ப பாக்கற நரம்பு டாக்டரம்மா கறாரு. "நரம்பு உங்கள உக்கார வெக்குது. உக்காந்தா சர்க்கரை ஏறுது. சர்க்கரையும் கொழுப்பும் ரத்தக்குழாயக் கெடுத்தா உங்க நரம்புக்கும் அது நல்லதில்ல. எங்கயாவது ஒரு எடத்துல இத வெட்டணும்"னாங்க. வெட்டணும்னு சொன்னதுதான் தாமதம், நம்மாளுக்குப் புரிஞ்சுடுச்சு. ஆஸ்பத்திரிலயே ஒரு பயிற்சிக் கூட்டம் நடத்தினாங்க. எம்.எஸ். இருக்கிற பொம்பளைங்க ஒம்போது பேரு, பன்னெண்டு வாரம், செவ்வா, வியாழன், சனி. நின்ன எடத்துல மிதிக்கிற சைக்கிள், ரப்பர் பட்டை இழுக்கிறது, நாற்காலிலேருந்து கை ஊணாம எந்திரிக்கிறது. ஆரம்பத்துல எல்லாத்தையும் அளந்து எழுதிக்கிட்டாங்க. கடைசி சனிக்கெழமை மறுபடி அளப்பாங்க. சர்க்கரை எறங்கலைன்னா மாத்திரை.

சகலை குதிச்சான். "நல்லா இருக்கிறவளே சைக்கிள் மிதிச்சா மூச்சு வாங்குவா. இவளப் போயா? அட்டாக் வந்தா யாரு பொறுப்பு?"

கத்திரி அமைதியா கேட்டா, "எட்டு வருஷம் உக்காந்தேனே, அதுல ரெண்டு அட்டாக் வந்துச்சே, அதுக்கு யாரு பொறுப்பு?"

அவன் மனசு மாறல. காலைல வேன் டிரிப்பு இருக்குன்னு சாக்கு சொல்லி, கூட்டிட்டுப் போற வேலைய என் தலைல கட்டிட்டான். எனக்கு என்ன கசக்குதா? ஒம்போது பொம்பளைங்க இருக்கிற எடத்துக்கு வெளிய பெஞ்சுல உக்காந்தா பத்து வீட்டுக் கதை வரும்.

மொத நாள் நாலு நிமிஷம் மிதிச்சா. மூஞ்சி சிவந்து, கால் தனியா ஆடிக்கிட்டு வெளிய வந்தா. ஆறாவது வாரம் இருவது நிமிஷம். பத்தாவது வாரம் முப்பது. யூனிட்டுல ஒசர நாற்காலிய ஓரமா தள்ளி வெச்சா. முதலாளி என்னம்மான்னாரு. "துணி காயப் போடறதுக்கு வெச்சுக்கங்க"ன்னுட்டா.

சைக்கிள் டீச்சர் ஒரு சின்னப் பொண்ணு, ஆனா சொல் சுத்தம். மொத நாளே எல்லாருக்கும் சொல்லிட்டா. "உடம்பு சூடானா சிலருக்குக் கண் மங்கும். பயப்படாதீங்க. அது புது அட்டாக் இல்ல. ஃபேன் முன்னாடி உக்காந்து கழுத்துல ஈரத்துண்டு போட்டா கொஞ்ச நேரத்துல தெளிஞ்சிடும். ஆனா ஒரு நாள் ஆகியும் தெளியலைன்னா எனக்கு ஃபோன் வரணும். மறைக்கக் கூடாது."

பதினோராவது வாரம் வியாழக்கெழமை. கத்திரி வெளிய வரும்போதே நடை சரியில்ல. கைப்பிடிச் சுவரத் தடவிக்கிட்டு வந்தா.

"என்ன மச்சினிச்சி, டீச்சர் அடிச்சாளா?"

"வண்டிய எடுங்க அத்தான்."

பாதி வழில, முதுகுக்குப் பின்னாலேருந்து சொன்னா. "இடது கண்ணு மங்கிடுச்சு. அரை மணி நேரம் ஃபேன்ல உக்காந்தேன், தெளியல. டீச்சர்கிட்ட தெளிஞ்சிடுச்சுன்னு சொல்லிட்டேன்."

நான் பிரேக் போட்டேன். பின்னாடி வந்தவன் என் வம்சத்தையே விசாரிச்சுட்டுப் போனான்.

"வா, திரும்பி ஆஸ்பத்திரிக்கே போவோம்."

"ஒரு நாள் டைம் இருக்குன்னு டீச்சரே சொல்லியிருக்கா. நாளைக்குத் தெளிஞ்சிடும். அத்தான், இத யார்கிட்டயும் சொல்லக் கூடாது. அக்காகிட்டயும்தான். உங்க வாய நம்பி சொல்றேன் பாருங்க, என் புத்திய எதால அடிக்கிறது."

என் வாயப் பத்தி ஊருக்கே தெரியும். ஒரு சேதிய என்கிட்ட குடுத்தா தபால் செலவு மிச்சம். ஆனா அன்னைக்கு சத்தியம் பண்ணிட்டேன்.

வீட்டுக்குப் போனா என் பொண்டாட்டி மூஞ்சப் பார்த்தே புடிச்சுட்டா. "ஏங்க, வாய்க்குள்ள என்ன அடைச்சு வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணுமில்லயே."

"ஒண்ணுமில்லாதப்பதான் நீங்க நிறைய பேசுவீங்க. தங்கச்சிக்கு ஏதாவதா?"

"எங்க யூனிட் கணக்குப்பிள்ளை இல்ல, அவரு தலைமுடி ஒரிஜினல் இல்லயாம்"னேன். நாலு மாசமா நல்ல நேரம் பார்த்து வெச்சிருந்த சேதி. அத அநியாயமா அன்னைக்குச் செலவு பண்ணேன். அவ சிரிச்சுட்டு உள்ள போயிட்டா.

வெள்ளிக்கெழமை கட்டிங் டேபிள்கிட்ட போயி மெதுவா கேட்டேன். "தெளிஞ்சிடுச்சு"ன்னா, தலை நிமிராம. சனிக்கெழமையும் பயிற்சிக்குப் போனா. திரும்பி வரும்போது என்னப் பாக்கறதுக்குக் கண்ணத் திருப்பல, கழுத்தோட முழுசாத் திரும்பினா. கண்ண மட்டும் உருட்டினா வலிக்குதுன்னு எனக்கு அப்பவே தோணிருக்கணும். தோணுச்சு. கேக்கல. அவ தெளிஞ்சதுன்னு சொன்னது எனக்கும் வசதியா இருந்துச்சு, அதான் உண்மை.

திங்கக்கெழமை ஓட்டல் ஆளுங்க போடற சிவப்புக் கோட்டுக்குத் துணி வந்துச்சு. பன்னெண்டு ரோல். கத்திரி வாசல்ல நின்னா. எப்பவும் போல வலது கண்ண மூடினா. நான் இஸ்திரி டேபிள்லேருந்து பாத்துக்கிட்டே இருந்தேன். ஒவ்வொரு ரோலுக்கும் ரெண்டு நொடி ஆகும் அவளுக்கு. அன்னைக்கு நிமிஷக்கணக்குல நின்னா. ஆனாலும் வலது கண்ணத் தொறக்கல. இடது கண்ணு நல்லா இருக்குன்னு தனக்குத்தானே சாட்சி சொல்லிக்கிறா, அவ்வளவுதான். நம்பர் போட்டா. பசங்க ரோலத் தூக்கிட்டுப் போயி டேபிள்ல விரிக்க ஆரம்பிச்சாங்க.

முப்பது அடுக்கு ஏறினப்ப எனக்கு ஏதோ உறுத்துச்சு. ட்யூப் லைட்டோட கோளாறுன்னு நெனச்சேன். பக்கவாட்டுல போயி குனிஞ்சு பார்த்தேன். அடுக்கோட ஓரத்துல நடுவுல ஒரு பட்டை. கீழ பதினஞ்சு அடுக்கு ஒரு சிவப்பு, அதுக்கு மேல வேற சிவப்பு. கீழது அப்ப வெட்டுப்பட்ட காயம்னா மேலது பழைய செங்கல். என்ன மாதிரி இஸ்திரிக்காரனுக்கே தெரியுது. கத்திரிக்குத் தெரியல.

பசங்க முன்னாடி எப்படிச் சொல்றதுன்னு நான் முழிச்சுக்கிட்டு நிக்கும்போதே அறுவது அடுக்கும் ஏறிடுச்சு. பேப்பர ஒட்டிட்டாங்க. அவ மெஷினத் தூக்கி ஓரத்துல வெச்சுட்டா. கத்தி கீழ்மேலா ஓடற சத்தத்துல நான் "கத்திரி, நில்லு"ன்னு கத்தினது எனக்கே கேக்கல. இன்னும் நாலு விரக்கடை போனா துணிய ஒட்ட வெக்க முடியாது. அதவிட, கையில கத்தி, இடது பக்கம் அவளுக்குத் தெரியல. பேப்பரப் பிடிச்சிருக்கிறது இடது கை.

ஓடிப் போயி மெயின் சுவிட்ச எறக்கிட்டேன்.

மொத்த யூனிட்டும் செத்துப் போச்சு. தையல் மெஷின், ஃபேன், ரேடியோ, எல்லாம். முதலாளி கண்ணாடி ரூம்லேருந்து பாய்ஞ்சு வந்தாரு. "யோவ் இஸ்திரி! என்னய்யா பண்ற?"

"வயர்ல பொகை வந்துச்சு முதலாளி. அஞ்சு நிமிஷம் பார்த்துட்டுப் போடறேன்." பொய் சொல்றதுல எனக்கு அனுபவம் உண்டு.

கத்திரி கையப் பிடிச்சு வாசலுக்குக் கூட்டிட்டுப் போனேன். போற வழில ரெண்டு ரோல்லேருந்தும் ஒவ்வொரு துண்டு கிழிச்சுக்கிட்டேன்.

"வலது கண்ண மூடு. ரெண்டும் எப்படி இருக்கு?"

"ஒரே சிவப்பு. ஏன்?"

"இப்ப இடது கண்ண மூடிட்டுப் பாரு."

மூடினா. பார்த்தா. கண்ண மாத்தி மாத்தி மூடிப் பார்த்தா. மூணு தடவை. கையிலிருந்த துணி கசங்குச்சு.

"அறுவது அடுக்கா?"ன்னு கேட்டா.

"அறுவது."

அப்படியே படில உக்காந்துட்டா. அப்புறம், "இன்னும் அஞ்சே நாளு அத்தான்"னா.

"கண்ணு போயிட்டா அஞ்சு நாள வெச்சு என்ன பண்ணுவ?"

"இப்பப் போனா ஸ்டீராய்டு மருந்த டிரிப்ல ஏத்துவாங்க. போன தடவ போட்டாங்கல்ல, சர்க்கரை எகிறிப் போச்சு. சனிக்கெழமை என்னத்த அளப்பாங்க? பதினோரு வாரம் மிதிச்சது எல்லாம் வீண். அதுகூடப் போவட்டும். அவரு என்ன சொல்லுவாரு? சைக்கிளாலதான் வந்துச்சும்பாரு. அக்காவும் சேந்துக்குவா. மறுபடியும் அந்த நாற்காலி. இந்தத் தடவ எந்திரிக்கவே விடமாட்டாங்க."

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. நையாண்டி மட்டும்தான் தெரியும். அதுவும் வரல. "உன் இடது கை அந்தக் கத்திப் பக்கத்துல இருந்துச்சு"ன்னு மட்டும் சொன்னேன்.

அவ தன் கையப் பார்த்தா. அஞ்சு விரலையும் விரிச்சு மடக்கிப் பார்த்துக்கிட்டா. எந்திரிச்சா, படியப் பிடிக்காம. நேரா உள்ள போயி முதலாளி முன்னாடி நின்னா.

"முதலாளி, வயர்ல ஒண்ணுமில்ல. நான் ரோலத் தப்பாப் பிரிச்சுட்டேன். எனக்கு இடது கண்ணு தெரியல. வெட்டல, துணி முழுசா இருக்கு. பிரிச்சு வேற ஆள வெச்சுப் பாருங்க. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

இருவத்திரண்டு வருஷத்துல அவ தப்புன்னு சொல்லி யாரும் கேட்டதில்ல. முதலாளி என்ன மொறைக்கிறதா அவளப் பாக்கறதான்னு தெரியாம, "ஆட்டோ சொல்லட்டுமாம்மா?"ன்னாரு.

டீச்சருக்கு ஃபோன் போட்டா. நாலு நாள் மறைச்சதுக்கு அந்தச் சின்னப் பொண்ணு திட்டின திட்டு எனக்கும் கேட்டுச்சு. ஆனா நாங்க போயி சேர்றதுக்குள்ள அவளே வாசல்ல சக்கர நாற்காலியோட நின்னா. கத்திரி அதுல உக்காரல.

டாக்டரம்மா ஒரு மருந்து பாட்டிலோட சிவப்பு மூடியக் காட்டி, ஒவ்வொரு கண்ணா பாக்கச் சொன்னாங்க. இடது கண்ணுக்கு அது வெளுத்த மூடி. "இந்த மூடிக்கு நாங்க அறுவது அடுக்கு துணிய விரிச்சோம் டாக்டர்"னேன். அவங்க சிரிக்கல. கண் நரம்புல வீக்கம், புது அட்டாக்தான், டிரிப் போட்டா சீக்கிரம் தெளியும், எவ்வளவு தெளியும்னு இப்பவே சொல்ல முடியாதுன்னாங்க.

அப்பதான் டீச்சர் குறுக்க வந்தா. "டாக்டர், டிரிப் ஏத்தறதுக்கு முன்னாடி ரத்தம் எடுத்துக்கலாமா? மூணு மாச சர்க்கரைக்கு வெறும் வயிறு வேண்டாமே. இடுப்பும் இப்பவே அளந்துடறேன்." சொல்லிக்கிட்டே டேப்ப எடுத்துட்டா. கட்டிங் டேபிள்ல ஊரையே அளந்தவள ஒரு சின்னப் பொண்ணு நிக்க வெச்சு அளந்தா. கத்திரி மூச்ச உள்ள இழுத்தா. "ஏமாத்தக் கூடாது, விடுங்க"ன்னா டீச்சர். தொண்ணூத்தியேழு.

சகலையும் என் பொண்டாட்டியும் வந்தப்ப டிரிப் ஏறிக்கிட்டிருந்துச்சு. அவன் கட்டில் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நின்னான். "சொன்னேனா இல்லையா? சைக்கிளு! வந்துச்சா?"

டாக்டரம்மா சொன்னாங்க, "சைக்கிள் மிதிச்சதால அட்டாக் வந்ததுன்னு சொல்ல எதுவும் இல்ல. இந்த வியாதி உக்காந்திருந்தாலும் வரும்."

"வந்துடுச்சே டாக்டர்!"

"மிதிக்கும்போதுதான் தெரிஞ்சுது. மிதிச்சதால வரல."

அவனுக்கு அந்த வித்தியாசம் ஏறல. எனக்குப் பொறுக்கல. "தப்பு என்னோடதுடா. வியாழக்கெழமையே தெரியும். நான்தான் சொல்லல"ன்னேன்.

சகலை என்ன அடிப்பான்னு நெனச்சேன். அவன் கம்பிய விட்டுட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டான். பேசினது என் பொண்டாட்டிதான். "ஊர்க்கதை எதுவும் உங்க வாயில ஒரு மணி நேரம் தங்காது. என் தங்கச்சி கண்ணு மட்டும் நாலு நாள் தங்குச்சா?"

நான் மருந்துச் சீட்ட எடுத்துக்கிட்டு கீழ கடைக்கு எறங்கினேன்.

டிரிப் மூணு நாள் ஏறுச்சு. சர்க்கரை எரநூத்தி எழுவது, எரநூத்தி தொண்ணூறுன்னு ஆடுச்சு. கத்திரி சர்க்கரை பாக்கற மெஷினப் பாக்கமாட்டா, மூஞ்சத் திருப்பிக்குவா. மூணாம் நாள் டீச்சர் வந்து, டிரிப்புக்கு முன்னாடி எடுத்த ரத்தத்தோட சீட்டக் குடுத்தா. மூணு மாச சர்க்கரை ஆரம்பத்துல ஆறு புள்ளி மூணு இருந்தது ஆறாயிருக்கு. எடை அரைக் கிலோதான் கொறைஞ்சிருக்கு.

சகலை எட்டிப் பார்த்தான். "பதினோரு வாரத்துக்கு இவ்வளவுதானா?"

"எட்டு வருஷமா ஏறினது. மொத தடவையா எறங்கியிருக்கு"ன்னா கத்திரி. சீட்ட நாலா மடிச்சு ரவிக்கைக்குள்ள வெச்சுக்கிட்டா. "இப்போதைக்கு மாத்திரை வேண்டாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. ஒன்றரை மாசத்துல அடுத்த கூட்டம் ஆரம்பிக்குதாம். நான் கையெழுத்து போட்டுட்டேன்."

"நீ போட்டுக்க. நான் வேனெடுக்க மாட்டேன். அண்ணனும் உன்ன வண்டில ஏத்தக் கூடாது"ன்னு என்னையும் மொறைச்சான்.

"பஸ் ஸ்டாப்பு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்."

ஒன்றரை மாசத்துல கண்ணு முக்காவாசி வந்துச்சு. சிவப்பு மட்டும் இடது கண்ணுக்கு ஒரு தடவ தொவச்ச மாதிரியேதான் இருக்கு. இப்ப ரோல் வந்தா இடது கண்ண மூடிட்டு வலதால பாக்கப் பழகறா. பாத்தத என்னையும் ஒரு தடவ பாக்கச் சொல்றா. எனக்கு இஸ்திரியோட இன்னொரு உத்தியோகம், சம்பளம் அதே.

புதுக் கூட்டம் ஆரம்பிச்ச செவ்வாக்கெழமை காலைல சகலை என் வீட்டு வாசல்ல வேன நிறுத்தினான். பிள்ளைங்கள எறக்கி விட்டுட்டு வந்திருக்கான், உள்ள காலி. "ஏறுங்கண்ணே"ன்னான். எதுக்குன்னு கேட்டேன். கியரப் போட்டான். அவங்க தெருவுக்குத் திரும்பினோம்.

கத்திரி பஸ் ஸ்டாப்பத் தாண்டி நடந்துக்கிட்டிருந்தா. கையில ஈரத்துண்டு டப்பா. வலது கால் கொஞ்சம் இழுத்துத்தான் வருது, ஆனா நிக்கல. சகலை வேன அவ பின்னாடியே உருட்டினான். பின்னாடி வந்த வண்டியெல்லாம் ஹாரன் அடிக்குது. ஒருத்தன், "என்னய்யா, ஊர்வலமா?"ன்னு கேட்டுட்டுப் போனான்.

சகலை கண்ணாடிய எறக்கினான். "ஏறுடி."

அவ திரும்பிப் பாக்கல. கழுத்தோடயும் இல்ல, கண்ணாலயும் இல்ல.

"விழுந்தா என்னடி பண்ணுவ?"

"பின்னாடிதான் நீங்க வர்றீங்களே."

அவன் கை ஸ்டியரிங்க எவ்வளவு இறுக்கிப் பிடிச்சிருந்துச்சுன்னா, நான் கணக்குப்பிள்ளை முடிக் கதைய எடுத்தவன் அப்படியே முழுங்கிட்டேன். அடுத்த ஸ்டாப்பு வரைக்கும் இப்படியே போனோம். அங்க வந்து அவ நின்னா. மூச்சு வாங்குச்சு. இடது கண்ண மூடித் தொறந்து எதிர்க்கடை போர்டப் பார்த்தா. அப்புறம் தானா வந்து கதவத் தொறந்தா.

"அத்தான், பின்னாடி போங்க. டீச்சர் இந்த ஸ்டாப்பு வரைக்கும்தான் நடக்கச் சொல்லியிருக்கா." ஏறி உக்காந்து, கழுத்துல ஈரத்துண்டப் போட்டுக்கிட்டு சகலையப் பார்த்தா. "ஃபேனப் போடுங்க. ஒம்போதரைக்கு சைக்கிள்ல இருக்கணும்."

அவன் ஃபேனப் போட்டான்.